புர்ஹான்பூர்: இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு வழி

சனிக்கிழமை, பூசாவலிலிருந்து வடக்கே

சென்னை சென்ட்ரலிலிருந்து அகமதாபாத் செல்லும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா என்று வடக்கே ஏறி, வார்தாவுக்குப் பிறகு மேற்கே திரும்புகிறது. பத்னேரா, அகோலா, ஷேகாவ், மல்காப்பூர் என்று அதன் பிறகு வண்டி ஓடும் நிலம் பூர்ணா ஆற்றின் வடிநிலம். வடக்கே சாத்பூரா மலைத்தொடரும் தெற்கே அஜந்தா குன்றுகளும் நிற்க, நடுவில் கரிசல் பூமி சமதளமாக விரிந்து கிடக்கிறது. பூர்ணா, சாங்தேவ் என்னும் ஊருக்கு அருகே தபதியில் கலக்கிறது. நான் காணப் புறப்பட்ட புர்ஹான்பூர் நகரம், அந்தச் சங்கமத்துக்கு மேலே, தபதியின் வடகரையில் இருக்கிறது.

இந்த நகரத்தைப் புரிந்துகொள்ள முதலில் வரைபடத்தைத்தான் பார்க்கவேண்டும். தீபகற்பத்தின் பெரிய ஆறுகளில் நர்மதையும் தபதியுமே மேற்கு நோக்கி ஓடுபவை. இரண்டுக்கும் நடுவில் சாத்பூரா மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கேயிருந்து தெற்கே வருபவர்களை மறித்து நிற்கிறது. அந்த மலையில் ஓர் இடத்தில் மட்டும் உயரம் குறைந்து, வண்டிகளும் யானைகளும் பீரங்கிகளும் கடந்து செல்லத்தக்க கணவாய் அமைந்திருக்கிறது. அதன் தலைமாட்டில் அசிர்கர் கோட்டை இருக்கிறது. தெற்கு வாயிலில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றைக் கடக்கும் துறையில் புர்ஹான்பூர் இருக்கிறது. தில்லி, ஆக்ராவிலிருந்து தக்காணத்துக்கு வரும் வழியும், சூரத் துறைமுகத்திலிருந்து தபதிப் பள்ளத்தாக்கு வழியே மேலேறி வரும் வணிக வழியும் இங்கே சந்தித்தன. இந்நகரத்தின் செல்வம், போர், துயரம், மறதி அனைத்துக்கும் காரணம் இந்த ஒரே சந்திப்புதான் என்பது என் எண்ணம். வரும் நாட்களில் எழுதப்போவதும் பெரும்பாலும் அதைப்பற்றியே இருக்கும்.

பூசாவல் சந்திப்பில் இறங்கி இட்டார்சி செல்லும் வண்டிக்கு மாறவேண்டும். ஊரை விட்டு வெளியேறியதும் இருப்புப்பாதை தபதியைக் கடந்து வடகரைக்குச் செல்கிறது. சாவ்தா, நிம்போரா, ராவேர் என்று வரும் நிலையங்களின் இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாழைத் தோட்டங்கள். திருச்சி, தேனிப் பக்கத்து வாழையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வரிசையும் நெருக்கமும் புதிதல்ல. ஆனால் ஆற்றங்கரை நன்செயில் அல்லாமல், கரிசலில் சொட்டுநீர்க் குழாய்களை ஓடவிட்டு இவ்வளவு பரப்பில் வாழையை வளர்த்திருப்பது வியப்பாகத்தான் இருந்தது. இங்கே விளையும் தார்கள் ரயிலேறித் தில்லி வரை போகின்றன. ராவேர் வரை மகாராஷ்டிரம். அடுத்த சில நிமிடங்களில் மத்தியப் பிரதேசம். புர்ஹான்பூர் ரயில் நிலையம் லால்பாக் பகுதியில், பழைய நகரத்திலிருந்து சற்று விலகி இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் பகிர்வு ஆட்டோக்கள் ஓடுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை, பழைய நகரம்

காந்தேஷ் நாட்டை ஆண்ட ஃபரூக்கி மன்னர்கள் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகரத்தை நிறுவினார்கள். சூஃபி ஞானி புர்ஹானுத்தீன் கரீப் நினைவாக வடகரையில் புர்ஹான்பூரும், அவருடைய வழிவந்த ஜைனுத்தீன் நினைவாகத் தென்கரையில் ஜைனாபாத்தும் அமைந்தன. குஜராத், மாளவம், பாமினி என்று மூன்று பக்கமும் வலிய அரசுகள் சூழ்ந்திருந்தும், இந்தச் சிறிய அரசு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. கணவாயைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அசிர்கர் கோட்டை அவர்களுக்குப் பின்னால் நின்றது.

இன்று காலை முதலில் சென்றது சந்தைக்கு நடுவில் இருக்கும் ஜாமா மசூதிக்கு. மன்னர் ராஜா அலி கான் காலத்தில் கட்டப்பட்டது. முகப்பில் 15 வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. இரு முனைகளிலும் மினார்கள். தொழுகைக் கூடத்துக்கு மேலே குவிமாடங்கள் இல்லை. கல் வளைவுகளே ஒன்றன் தோளில் ஒன்றாகக் கூரையைத் தாங்குகின்றன. நான் இவ்வளவு தூரம் வந்ததற்கு இங்குள்ள ஒரு கல்வெட்டும் காரணம். அரபுக் கல்வெட்டுக்குக் கீழே, தேவநாகரி எழுத்தில், சமஸ்கிருதத்தில், மன்னரின் வம்சாவளியும் மசூதி கட்டிய நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விக்கிரம ஆண்டு 1646, சக ஆண்டு 1511 என்று இரண்டு கணக்கிலும் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. நம் கணக்கில் அது 1590ஆம் ஆண்டின் தொடக்கம். படைத்தவனுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கி, புலன்களுக்குத் தோன்றாதவன், எங்கும் நிறைந்தவன், என்றும் உள்ளவன், குணங்களைக் கடந்தவன் என்று இறைவனைப் போற்றுகிறது முதல் சுலோகம். பெரிய பெரிய வரலாற்று நூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. கல்லுக்கு முன்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கும்போது, இதை எழுதியவரும் எழுதச் சொன்னவரும் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்றே தோன்றியது. அவர்களுக்கு இது ஊரில் எல்லோரும் படிக்கவேண்டிய அறிவிப்பாக இருந்திருக்கும்.

பதினோரு ஆண்டுகளில் அந்த அரசு முடிந்துபோனது. 1601இல் அக்பர் அசிர்கரைக் கைப்பற்றினார். நாடு இளவரசர் தானியாலின் பொறுப்பில் வந்தது. அதன் பிறகு முகலாயர்களின் தக்காணப் போர்கள் அனைத்துக்கும் புர்ஹான்பூரே தலைமைப் பாசறை ஆனது. 1615இல் சூரத்தில் வந்திறங்கிய ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ, ஜஹாங்கீரைக் காண அஜ்மீருக்குப் போகும் வழியில், இங்கே ஆளுநராக இருந்த இளவரசர் பர்வேஸைத்தான் முதலில் சந்தித்தார்.

ஆற்றின் ஓரத்தில் செங்குத்தாக எழும்பி நிற்கும் ஷாஹி கிலா என்னும் அரண்மனைக் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதில் ஹமாம் எனப்படும் குளியல் அறையைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் பூவேலைச் சித்திரங்கள். சுண்ணம் உதிர்ந்த இடங்கள் போக மீதியில் சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கிவிடவில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பேரரசு இளவரசர்களை இங்கே அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர்களில் பலர் திரும்பவில்லை. அக்பரின் மகன் தானியால் 1605இல் இங்கே இறந்தார். ஜஹாங்கீரின் மூத்த மகன் குஸ்ரூ, தம்பி குர்ரமின் காவலில் இருந்தபோது 1622இல் இங்கே இறந்தார். பர்வேஸ் 1626இல் இங்கே இறந்தார். அந்தக் குர்ரமே ஷாஜகான் என்ற பெயரில் அரியணை ஏறி, 1630இல் இந்நகரத்துக்கு மறுபடியும் வந்தார். அந்தக் கதையை நாளை ஆற்றின் மறுகரையில் தொடர்வதே பொருத்தம்.

மாலையில் ஷன்வாரா வாயில் பக்கம் நடந்தேன். நகரைச் சுற்றியிருந்த செங்கல் மதிலை 1731இல் எழுப்பியவர் ஹைதராபாத் நிஜாம் வம்சத்தை நிறுவிய நிஜாம்-உல்-முல்க். மதில் பல இடங்களில் வீடுகளுக்குள் மறைந்துவிட்டது; வாயில்கள் நிற்கின்றன. மாவா ஜிலேபி என்று, சுண்டக் காய்ச்சிய பால்கோவாவில் செய்த கருமையான ஜிலேபியை இங்கே தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சந்துகளுக்குள் போனால் விசைத்தறிகளின் சத்தம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, இந்நகரத்து மெல்லிய வெண்துணி பாரசீகம், துருக்கி, மாஸ்கோ, போலந்து, அரேபியா, கெய்ரோ வரை போவதாக எழுதியிருக்கிறார். கடலிலிருந்து இத்தனை தொலைவில் இருக்கும் ஊரின் துணி அவ்வளவு நாடுகளுக்குப் போனதற்கு சூரத் வழிதான் காரணம்.

திங்கட்கிழமை, ஜைனாபாத்

தபதியைக் கடந்து தென்கரைக்குப் போனால் ஆஹுகானா என்னும் பழைய மான் பூங்கா இருந்த இடம் வருகிறது. 1631 ஜூன் 17 அன்று, தன் பதினான்காவது குழந்தையைப் பெற்றெடுத்தபோது மும்தாஜ் மகால் புர்ஹான்பூரில் இறந்தார். உடல் முதலில் இந்தத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இளவரசர் ஷுஜாவின் துணையோடு அது ஆக்ராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. புதர்களுக்கு நடுவே ஒரு மண்டபமும் சில இடிந்த சுவர்களும் இன்று எஞ்சியிருக்கின்றன. ஊர் மக்கள் அடக்கம் செய்த இடம் என்று ஒரு சிறு கட்டடத்தைக் காட்டுகிறார்கள். தாஜ்மகாலை முதலில் தபதிக் கரையில்தான் கட்ட எண்ணினார்கள் என்றும், மண் சரியில்லாமல் கைவிட்டார்கள் என்றும் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அது ஊரின் ஆசை. பளிங்கு கிடைக்கும் மக்ரானா ராஜஸ்தானத்தில் இருக்கிறது. பேரரசின் தலைநகரம் ஆக்ரா. நினைவிடம் அங்கே எழுந்ததற்கு இவையே போதிய காரணங்கள்.

அந்த ஆண்டுகளில் இந்த வட்டாரம் வேறொரு துயரத்திலும் ஆழ்ந்திருந்தது. 1630 முதல் 1632 வரை குஜராத்தையும் தக்காணத்தையும் பெரும் பஞ்சம் தின்றது. சூரத்திலிருந்து ஆக்ராவுக்கு இந்த வழியாகப் போன ஆங்கிலேயர் பீட்டர் மண்டி, வழியெங்கும் பசியால் செத்தவர்களைக் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு பெரும் படை பாசறை இறங்கியிருந்த பள்ளத்தாக்கில், அதே காலத்தில், மக்கள் அப்படிச் செத்தார்கள். மும்தாஜின் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இந்த ஊரில் நினைத்துப் பார்க்கவேண்டிய மரணம் இன்னொன்று உண்டு. 1681 நவம்பரில் ஔரங்கசீப் தம் படையோடு புர்ஹான்பூருக்கு வந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் சம்பாஜியின் மராத்தியப் படை இந்நகரத்தின் புறநகர்களைக் கொள்ளையிட்டிருந்தது. இங்கிருந்து தெற்கே இறங்கிய ஔரங்கசீப், இறக்கும்வரை வடக்கே திரும்பவில்லை. அவருக்குப் பின் பேரரசு தளர்ந்தபோது, 1720இல் அசிர்கரையும் புர்ஹான்பூரையும் வசப்படுத்திக்கொண்டு தக்காணத்தைத் தமதாக்கினார் நிஜாம்-உல்-முல்க். நகரின் மதிலைக் கட்டிய அதே மனிதர் 1748இல் இந்நகரத்தில்தான் இறந்தார்.

அந்தச் செய்தி தெற்கே எட்டியதும் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். மகன் நாசிர் ஜங்கும் பேரன் முசாபர் ஜங்கும் அரியணைக்குப் போட்டியிட்டார்கள். முசாபர் ஜங்கோடு, ஆற்காட்டு நவாப் பதவியை நாடிய சந்தா சாகிப் சேர்ந்தார். அவர்களுக்குப் பின்னால் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே நின்றார். 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்க, ஆங்கிலேயர்கள் அவர் பக்கம் சேர, ஆற்காட்டு முற்றுகையும் திருச்சி முற்றுகையும் தொடர்ந்தன. நம் ஊர்களில் பாடப்புத்தகத்தில் கர்நாடகப் போர் என்று படிப்பதன் இரண்டாம் கட்டம், தபதிக் கரையில் நிகழ்ந்த ஒரு முதியவரின் மரணத்தால் மூண்டது. ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்து மாலை முழுவதும் ஆம்பூரையும் மலைக்கோட்டையையுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, குண்டி பண்டாரா

புர்ஹான்பூரில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்களுக்கு நான் சொல்வது குண்டி பண்டாரா என்னும் நிலத்தடி நீர்ச்சுரங்கத்தைத்தான். கோட்டையும் மசூதியும் வேறு நகரங்களிலும் உண்டு. இது அப்படியல்ல.

அக்பரின் தளபதியும், பாபரின் வாழ்க்கைக் குறிப்பைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவரும், இந்தியில் இன்றும் சொல்லப்படும் ஈரடிப் பாடல்களைப் பாடியவருமான அப்துல் ரஹீம் கான்-இ-கானான் இந்நகரத்தில் நெடுங்காலம் ஆளுநராக இருந்தார். பாசறையாகவும் வணிக நகராகவும் பெருகிவிட்ட ஊருக்கு ஆற்று நீர் ஒன்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. பகைவர் அதைக் கெடுத்துவிடக்கூடும் என்ற அச்சமும் இருந்ததாகச் சொல்கிறார்கள். எனவே 1615இல் பாரசீகத்து நிலவியல் அறிஞர் ஒருவரின் துணையோடு இந்த நீர்வழி அமைக்கப்பட்டது.

இதன் நுட்பம் எளிமையானது. சாத்பூரா மலைச்சரிவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடியில் தபதியை நோக்கிக் கசிந்து வருகிறது. அது ஆற்றில் சேர்வதற்கு முன்பே, பூமிக்கு அடியில் நீண்ட சுரங்கம் தோண்டி அதை மறித்துப் பிடித்திருக்கிறார்கள். சுரங்கத்துக்கு நகரத்தை நோக்கி மிக மெல்லிய சரிவு. ஏற்றமோ கமலையோ இல்லாமல் நீர் தானாகவே ஓடி வருகிறது. சுரங்கத்தின் மேலே, சிறு இடைவெளி விட்டு வரிசையாகக் கிணறு போன்ற குழிகளை இறக்கியிருக்கிறார்கள், இவைதான் குண்டிகள். இவ்வழியில் அவை நூற்றுக்கு மேல் உண்டு. காற்றும் வெளிச்சமும் உள்ளே போகவும், தூர்வார ஆட்கள் இறங்கவும் அவை பயன்பட்டன. மேலே நின்று பார்த்தால், வயலுக்கு நடுவே வட்டச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலையை நோக்கிப் போவது தெரியும். பீதரிலும் இதன் உறவான நீர்ச்சுரங்கம் உண்டு.

ஒரு குண்டியில் இறங்குவதற்குச் சிறிய லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். சுமார் 80 அடி கீழே போகிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர்ந்த ஈரக் காற்று. முழங்கால் அளவு நீரில் நடக்கவேண்டும். செருப்பை மேலேயே விட்டுவிடுவது நல்லது. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தபோது, பாறையின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறியிருந்தது. நானூறு ஆண்டுகளாகக் கசிந்த நீர் கொண்டுவந்து விட்டது அது. சில இடங்களில் அது மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. விரலால் தொட்டால் வழுவழுப்பு. ஓரிடத்தில் பாறை விரிசலிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படிச் சொட்டும் நீர்தான் கூடிக் கூடி ஒரு நகரத்தின் குடிநீராக ஓடியது, சில பகுதிகளுக்கு இன்றும் ஓடுகிறது. அந்தப் படிவே வழியை மெல்ல மெல்ல அடைக்கவும் செய்கிறது; மேலே நடக்கும் கட்டுமானமும் ஆழ்குழாய்க் கிணறுகளும் நிலத்தடி நீரைக் குறைக்கின்றன. எட்டு வழிகள் கட்டப்பட்டதில் சில முற்றிலும் அழிந்துவிட்டன. 2024இல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த அங்கீகாரம் மலைச்சரிவின் காடுகளையும் காப்பதற்கு உதவவேண்டும். மழைநீர் இறங்கும் மண் போனால் சுரங்கத்தை மட்டும் காத்துப் பயனில்லை.

திரும்பும் வழியில் உதாவலி ஓடைக்கரையில் ரஹீமின் மகன் ஷா நவாஸ் கானின் சமாதியையும், தாவூதி போஹ்ரா என்னும் ஷியா முஸ்லிம் பிரிவினர் பல நாடுகளிலிருந்து வந்து வணங்கும் தர்கா-இ-ஹகீமியையும் பார்த்தேன். தர்கா வளாகத்தின் தூய்மை மனத்தில் நிற்கிறது.

புதன்கிழமை, அசிர்கர்

இந்தூர் செல்லும் பேருந்தில் ஏறி அசிர்கர் என்று கேட்டால் மலையடிவாரத்தில் இறக்கிவிடுவார்கள். கடல் மட்டத்திலிருந்து 701 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோட்டை. மலாய்கர், கமர்கர், அசிர்கர் என்று அடுக்கடுக்காக மூன்று அரண்கள். கீழ் அரணைப் பிடித்தாலும் மேல் அரண் எட்டாது. 1600இல் முற்றுகையிட்ட அக்பரின் படைக்கு இது எளிதில் பணியவில்லை. பல மாத முற்றுகைக்குப் பின் 1601 ஜனவரியில்தான் சரணடைந்தது; கடைசி மன்னர் பகதூர் குவாலியருக்கு அனுப்பப்பட்டார். ஃபதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசாவில் இந்த வெற்றியைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. தக்காணத்தின் திறவுகோல் என்று இக்கோட்டையை அழைத்ததில் மிகையில்லை. பின்னாளில் மராத்தியர் கைக்கு வந்து, சிந்தியாக்களிடம் இருந்தபோது, 1803இலும் 1819இலும் இருமுறை ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள்.

உள்ளே மினார்களோடு ஒரு மசூதியும், குளங்களும், ஆங்கிலப் படையினரின் கல்லறைகளும், குப்தேஸ்வர் என்னும் சிவன் கோயிலும் உள்ளன. மகாபாரதத்து அசுவத்தாமன் சாவில்லாமல் அலைந்து, விடியற்காலையில் இங்கே வந்து இலிங்கத்துக்குப் பூச்சாத்திப் போவதாக மக்கள் நம்புகிறார்கள்.

வடக்கு மதிலில் நின்றபோது இந்நகரத்தின் காரணம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒரு பக்கம் நர்மதையை நோக்கித் தாழும் நிலம். மறுபக்கம் தபதிச் சமவெளி. இரண்டையும் இணைத்து மலைகளுக்கு நடுவே வளைந்து போகும் சாலையில் வாழைத்தார் ஏற்றிய லாரிகள்.

வியாழக்கிழமை, காண்ட்வாவுக்கு

ரயிலும் அதே கணவாயைத்தான் தேடி வந்தது. பம்பாயிலிருந்து பூசாவல், காண்ட்வா, இட்டார்சி வழியாக வந்த பாதை, அலகாபாத்திலிருந்து வந்த பாதையோடு ஜபல்பூரில் 1870 மார்ச்சில் இணைந்து, கல்கத்தாவரை தொடர் வழி ஆனது. புர்ஹான்பூரை விட்டதும் அசிர்கர் ரோடு, சாந்தினி என்று நிலையங்கள் வர, தேக்குக் காடு நெருங்கி வருகிறது. அடுத்து வரும் நேபாநகரில், 1956இல் நேரு தொடங்கிவைத்த செய்தித்தாள் காகித ஆலை உள்ளது. மேடு முடிந்து வண்டி இறங்கத் தொடங்கும்போது நாம் நர்மதையின் நிலத்துக்குள் வந்துவிடுகிறோம்.

ஆனால் வழிகள் பழைய இடத்தில் சந்திப்பதை நிறுத்திவிட்டன. நாக்பூரிலிருந்து வரும் இருப்புப்பாதை பூசாவலில் சேர்ந்ததால் சந்திப்பு நிலையத்தின் பெருமை அந்த ஊருக்குப் போனது. சாலையிலும் அப்படியே. இந்தூரிலிருந்து காண்ட்வா, அசிர்கர், புர்ஹான்பூர் வழியாக இறங்கும் நெடுஞ்சாலை, சூரத்–நாக்பூர் தேசிய நெடுஞ்சாலை 53ஐச் சந்திப்பது முக்தாய்நகரில். ஆற்றுத்துறையும் படைகளும் ஆண்ட காலத்தில் புர்ஹான்பூரில் கூடிய இரண்டு வழிகள், இன்று அதற்குத் தெற்கே, மகாராஷ்டிர எல்லைக்குள் கூடுகின்றன. ஊர் இன்று 2003இல் உருவான ஒரு சிறு மாவட்டத்தின் தலைநகரம். விசைத்தறியும் வாழையும் அதைத் தாங்குகின்றன.

காண்ட்வாவிலிருந்து அகோலாவுக்கு, மேல்காட் காட்டின் ஊடே, துல்காட்டில் பாதை தன்னையே சுற்றி வளைந்து ஏறும் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2017இல் அது நிறுத்தப்பட்டது. அது இருந்திருந்தால் திரும்பும் வழியாக அதையே தேர்ந்திருப்பேன்.

போக விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். கோடையில் தபதிப் பள்ளத்தாக்கின் வெயில் கடுமையானது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். விமானத்தில் வருபவர்கள் இந்தூரில் இறங்கிச் சாலை வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் வரவேண்டும். இடையில் மோர்டக்காவில் நர்மதையைக் கடக்கும்போது சற்று விலகினால் ஓங்காரேஸ்வரரையும் வணங்கிவிடலாம். ரயிலில் வருபவர்கள் பூசாவலில் மாறுவதே எளிது. அந்தத் தடத்தின் எல்லா விரைவு வண்டிகளும் புர்ஹான்பூரில் நிற்பதில்லை என்பதால், நிற்கும் வண்டியைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். அசிர்கருக்கு அரை நாளும் குண்டி பண்டாராவுக்கு ஒரு காலைப் பொழுதும் ஒதுக்குங்கள்.